முப்பத்தெட்டு தசம் ஒன்று

பத்து நாற்பதுக்கு அந்த இலக்கம்
திரையில் எழும்பும்போதே
வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கிவிடும்.
பெயர் காட்டத் தேவையில்லை.
கடைசி மூன்று எண் போதும்: நாலு, ஏழு, ஏழு.

"அகராவின் அம்மாவா? பதற ஒன்றுமில்லை."
பதறச் சொல்லித்தருவதே அந்த வசனம்தான்.
முப்பத்தெட்டு தசம் ஒன்று.
முப்பத்தேழு தசம் ஒன்பது என்றால் அவள் அகரா.
ஊசிமுனை அளவு கூடினால் தொற்று.
ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து எடுக்க வேணும்.

நான் பரமட்டாவில், ஆறாம் மாடியில்,
சம்பளப் பிரிவு.
மற்றவர்களின் சுகயீன லீவைக்
கூட்டிக் கழிப்பதுதான் என் உத்தியோகம்.
களஞ்சியத்து கிரெகுக்கு மிச்சம்
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் மணித்தியாலம்.
பத்தொன்பது வருடமாய் அந்த மனிசனுக்கு
ஒரு தும்மல் வரவில்லை.
என் பெயருக்கு நேரே மூன்று மணி முப்பத்தாறு நிமிடம்.
நானே அடித்து, நானே சரிபார்த்த கணக்கு.

மயூரதனுக்கு எடுத்தேன்.
பஸ் ஓட்டும் நேரம், போன் அவர் பைக்குள் ஊமை.
போன கிழமை அவர் நின்றார்,
அதற்கு முந்தின கிழமை நான்.
அதற்கு முதல் கண்ணில் பீளை,
அதற்கும் முதல் வாயைச் சுற்றிக் கொப்புளம்,
ஒருதரம் பல் முளைத்ததால் வந்த வயிற்றோட்டம்,
பல்லுக்கும் நாற்பத்தெட்டு மணித்தியாலத் தடை.
வீட்டில் படுத்த நாளுக்கும் முழுக் கட்டணம்.

பிரிட்ஜில் ஒட்டிய கலண்டரில்
அவருடைய லீவு பச்சை, என்னுடையது சிவப்பு.
யாருடைய வேலை பெரிது என்ற இரவில்
அவர் பச்சைப் பேனையை எறிந்தார்.
மூடி இன்னும் அகப்படவில்லை.
பச்சை காய்ந்துபோச்சு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.
காலை ஏழேகாலுக்கே அவள் கழுத்து சுட்டது.
என் கைக்குத் தெரிந்தது,
நான் தெரியாதவள் மாதிரி நின்றேன்.
ஸ்ட்ரோபெரி மணக்கும் பனடோல், அஞ்சு மில்லி.
நாலு மணித்தியாலம் தாங்கும், பதினொன்றேகால் வரை.
அதற்குள் கூட்டத்தில் என் பங்கு முடிந்துவிடும் என்று
மருந்தால் நாளை அளந்தேன்.
முப்பத்தைந்து நிமிடத்தால் பிழைத்துவிட்டது.

"குடும்பம்தானே முதல்" என்றார் மேலாளர்
மணிக்கூட்டைப் பார்த்தபடி.

வென்ற்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கி மழைக்குள் ஓடினேன்.
அலுவலக மூலையில், தனிக் கதிரையில்,
சப்பாத்தும் போட்டு, பையை மடியில் வைத்து
நாடுகடத்தலுக்குக் காத்திருக்கும் ஒருத்தியைப் போல
என் இரண்டரை வயது.

மரிசெல் தாளை நீட்டினாள்.
"காலையில் மருந்து ஏதும் கொடுத்தீர்களா?"
"இல்லை."
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பொய் உள்ளே வந்து உட்கார இடம் விட்டுப்
பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.
பிறகு முழங்கைக்குள் இருமினாள்,
நெஞ்சின் அடியிலிருந்து.
அவள் காற்சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது.
எடுத்துப் பார்த்தாள்.
அந்த முகம் எனக்குப் பழக்கம்,
வயிற்றுக்குள் ஏதோ இறங்குகிற முகம்.

"என் மகன். பள்ளிக்கூடத்திலிருந்து."
"எத்தனை?" என்று கேட்டேன்.
"முப்பத்தொன்பது."
கண்ணாடிக்கு அப்பால் பதினொரு பிள்ளைகள்.
பதினொன்றுக்கு மூன்று பேர் நிற்க வேணும் என்பது விதி.
மூன்றாவது ஆள் இவள்.

நான் கோபத்தோடு வந்தவள்.
ரயிலில் அடுக்கிக்கொண்டு வந்த கேள்விகள் இருந்தன,
கட்டணம் பற்றி, தசம் ஒன்று பற்றி.
மேசையிலிருந்த போத்தலை அமத்தி
இருவரும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது பதினொன்றரை.
காய்ச்சல் விட்டு இருபத்து நாலு மணித்தியாலம் ஆனால்தான்
கதவு திறக்கும்.
இந்த நிமிடமே விட்டதென்று வைத்தாலும்
நாளை காலை ஏழரைக்கு இருபதுதான் ஆகும்.
நாலு குறைகிறது.

அகரா என் கழுத்தில் சுட்டுக்கொண்டே தூங்குகிறாள்.
பைக்குள், நடக்க நடக்க,
அந்தச் சின்னப் போத்தல் குலுங்குகிறது.